கயிற்றின் மறுமுனை

 

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீயைப் போட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் என்னைப் பொறுத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயமில்லை.

போன வாரம் என்னிடம் படித்த ஒரு பிள்ளை போன் பண்ணினாள். எட்டாம் வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்து ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பவள். இப்போது அவள் மகன் பத்தாம் வகுப்பு. மூன்று மாதமாக அவன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறானாம். சாயங்காலமானால் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், இப்போது மட்டை எங்கே கிடக்கிறது என்றுகூடத் தேடுவதில்லையாம். எல்லாம் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்:

"டீச்சர், நம்ம காலத்துல இதெல்லாம் இருந்துச்சா? எங்களுக்கெல்லாம் வராத நோவு இவனுக்கு மட்டும் எப்படி டீச்சர் வந்துச்சு?"

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இரவெல்லாம் அந்தக் கேள்வி கூடவே இருந்தது. கேட்டவள் ஒருத்திதான் என்றாலும், உங்களில் நிறையப் பேர் வீட்டில் இதே வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் எல்லாருக்குமாக எழுதுகிறேன். பதிலை நம்ம ஊர்க் கடலிலிருந்து தொடங்குகிறேன்.

முத்துக் குளித்த ஊர்

தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று பெயர் இருப்பது உங்களுக்குத் தெரியும். நமக்கு முன்னால் கொற்கைதான் பாண்டியரின் முத்துத் துறைமுகம். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடற்பயணம்' என்ற வணிக நூல் கொற்கையைப் பற்றிச் சொல்கிறது. அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று அதில் எழுதியிருக்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, "அப்ப கயிறு பிடிச்சது யாரு டீச்சர்?" என்று கேட்டான். அந்த நூலில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. ஏனென்றால் முத்துக் குளிப்பில் பாதி வேலை கடலுக்குள்ளே, மீதிப் பாதி படகின் மேலே.

நமது கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. நான் பிறந்தது அந்தக் கடைசிக் காலத்தில். என் அப்பா குளியாள். அவருக்குக் கயிறு பிடித்தவர் என் தாய்மாமா. குளியாளுக்குக் கயிறு பிடிப்பது மச்சான்தான் என்று நம்ம கடற்கரையில் காலங்காலமாகச் சொல்வார்கள். கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கை நழுவாது என்பது அதற்குச் சொல்லும் காரணம்.

வேலை நடந்த விதம் இது. நள்ளிரவுக்கு மேல் தரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் புறப்படும். பாருக்குப் போய்ச் சேர்ந்து விடிந்த பிறகு குளிப்பு தொடங்கும். கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலை வைத்துக்கொண்டு குளியாள் மூச்சை அடக்குவான். ஐந்து முதல் பத்து பாகம் வரை ஆழம். கல் அவனை விறுவிறுவென்று அடிக்குக் கொண்டுபோய்விடும். கீழே போனதும் அவன் கல்லை விட்டுவிடுவான், மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். கிடைத்த சிப்பிகளை வலைப்பையில் அள்ளிப் போட அவனுக்கு ஒரு நிமிடம் போல நேரம். பிறகு கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அவ்வளவுதான்.

என் மாமா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த விஷயங்கள் மூன்று. இன்றைக்கு யோசித்தால் நான் படித்த உளவியல் பாடம் முழுவதும் அதில் இருக்கிறது.

ஒன்று: "ஏளா, கயிறு சுண்டுனா இழுக்கணும். ஏன் சுண்டுனன்னு மேல வந்த பொறவு கேக்கலாம்."

இரண்டு: "எப்பவும் சுண்டுற நேரத்துக்குச் சுண்டலன்னாலும் இழுக்கணும்." அதாவது, மச்சான் சாதாரணமாக எவ்வளவு நேரம் இருப்பான் என்பது கயிறு பிடிப்பவரின் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று: "படகுல இருபது முப்பது பேரு இருப்போம். ஆனா ஒரு கயித்த ஒருத்தன்தான் பிடிக்கணும். எல்லாரும் பாத்துக்கிடுவாங்கன்னு விட்டா ஒருத்தனும் பாக்க மாட்டான்."

குளியாளுக்குக் கிடைத்த சிப்பியில் கயிறு பிடித்தவருக்கும் பங்கு உண்டு. சும்மா நின்றதற்குக் கூலி என்று அதை யாரும் சொன்னதில்லை.

நம்ம காலத்துல இருந்துச்சா?

இருந்தது. நான் பார்த்தது 1975இல். அப்போது பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிவு மாலைப் பத்திரிகையில் நம்பராக வரும். பத்திரிகையை விரித்து வைத்துத் தெருவே சுற்றி நின்று பார்க்கும். நம்பர் இருந்தால் பாஸ். இல்லையென்றால் அத்தனை பேர் முன்னாலும் இல்லை.

எங்கள் தெருவில் என்னோடு பரீட்சை எழுதிய ஒரு அண்ணன் நம்பர் அதில் இல்லை. கூட்டுக் குடும்பம். வீட்டில் பதினாலு பேர். தெருவில் எல்லாரும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். அன்றைக்குச் சாயங்காலம் அவனிடம் பேசாதவர்களே கிடையாது. "ஒங்கப்பன் உப்புல வெந்து ஒன்னப் படிக்க வச்சதுக்கு இதுதானா?" என்று கேட்டார்கள். "அவன் தங்கச்சியைப் பாரு" என்றார்கள். யாரும் அவன் மேல் பகையில் பேசவில்லை. பாசத்தில்தான் பேசினார்கள். மறுநாள் காலையில் அந்த அண்ணன் இல்லை.

பெரியவர்கள் எங்களிடம் காய்ச்சல் என்று சொன்னார்கள். அப்படிச் சொன்னதற்குக் காரணமும் உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டப்படி தற்கொலை முயற்சி ஒரு குற்றம். போலீஸ் வரும், ஊர் பேசும், தங்கைக்கு மாப்பிள்ளை அமையாது. அதனால் எல்லா வீட்டிலும் அது காய்ச்சலாகவோ வயிற்றுவலியாகவோ ஆனது. "நம்ம காலத்துல இதெல்லாம் இல்லையே" என்று நாம் நினைப்பது இப்படித்தான். இருந்தது. அதற்குப் பெயர் மாற்றி வைத்திருந்தோம்.

இந்தச் சட்டம் மாற எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குப் பராமரிப்பு தர வேண்டும் என்று அது சொன்னது. நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், கயிற்றைச் சுண்டியவனை இழுத்துக் கரை சேர்ப்பதற்குப் பதிலாக, ஏன் சுண்டினாய் என்று விசாரித்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அண்ணனைச் சுற்றிப் பதினாலு பேர் வீட்டில், ஒரு தெரு வெளியில். அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மில் பலர் பேசுகிறோம். ஆள் எண்ணிக்கை மட்டும் அன்றைக்கு அவனைக் காப்பாற்றவில்லை.

வெளியுலகம் கற்றது

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கல்வி உளவியல் ஒரு பாடம். ஸ்டான்லி ஹால் என்ற அமெரிக்கர் 1904இல் குமரப் பருவத்தைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார், அதைப் புயலும் கொந்தளிப்புமான பருவம் என்றார் என்று மனப்பாடம் செய்தோம். புயலில் மாட்டிய பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பாடத்தில் இல்லை. பிறகு நானாக வாசித்துத் தெரிந்துகொண்டவற்றில் சிலதை மட்டும் சொல்கிறேன்.

1897இல் பிரான்சில் எமில் துர்க்கைம் என்ற சமூகவியலாளர் தற்கொலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இது தனி மனிதனின் பலவீனம் மட்டுமல்ல, அவனைச் சமூகத்தோடு பிணைக்கும் கட்டுகள் எப்படி இருக்கின்றன என்பதோடு தொடர்புடையது என்று புள்ளிவிவரங்களை வைத்து வாதாடினார்.

1935இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் ஓர் அடக்கம் செய்தார். இறந்தது 14 வயதுப் பெண் பிள்ளை. அவள் வயதுக்கு வந்திருந்தாள். அது என்னவென்று சொல்ல அவளுக்கு யாரும் இல்லை. ஏதோ கொடிய நோய் என்று பயந்து உயிரை விட்டுவிட்டாள். நம்ம பக்கம் அப்படி ஒரு நாளில் தாய்மாமன் சீர் கொண்டு வருவார், அத்தைமார் கூடுவார்கள். அந்த ஆர்ப்பாட்டம் நிறையப் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இது நோயில்லை என்று சொல்ல ஒரு பெரியம்மாவாவது பக்கத்தில் இருந்தாள். அந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு ஆள் இல்லை. சாட் வாராவால் அதை மறக்க முடியவில்லை. 1953இல் லண்டனில் தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, மனம் உடைந்தவர்கள் யாரும் அழைக்கலாம் என்று அறிவித்தார். 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு அப்படித்தான் பிறந்தது. சீக்கிரமே அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். வந்தவர்களில் பலருக்கு அவருடைய அறிவுரை தேவைப்படவில்லை. காத்திருந்த நேரத்தில் டீ கொடுத்துப் பேச்சுக் கேட்ட தொண்டர்களிடமே அவர்கள் மனம் ஆறிப் போனார்கள்.

1976இல் சிட்னி காப் என்ற அமெரிக்க மருத்துவர், சமூக ஆதரவு என்றால் என்ன என்பதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். என்மேல் அக்கறை உள்ளவர் இருக்கிறார் என்று தெரிவது ஒன்று. எனக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிவது இரண்டு. நான் ஒரு கூட்டத்தில் ஒருவன், அவர்களுக்கு நானும் எனக்கு அவர்களும் கடமைப்பட்டவர்கள் என்று தெரிவது மூன்று. 1975இல் எங்கள் தெரு அண்ணனுக்கு முதலாவது இருந்தது. இரண்டாவதை அன்று சாயங்காலம் நாங்கள் எல்லாரும் சேர்ந்து பறித்தோம்.

மூன்றாவதற்கு நம்ம கடற்கரையிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். நோயாளிகளைப் பார்க்க வரச் சொல்லி எல்லாப் பக்கமிருந்தும் ஆள் வரும். ஒருவரால் எல்லா வீட்டுக்கும் போக முடியாது. அதனால் சிறுவர்களை அனுப்பினேன் என்று அவரே 1544இல் கடிதம் எழுதியிருக்கிறார். மதத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து, உன்னால் ஒருவருக்கு உதவி ஆகும் என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன். இன்றைக்குப் பிள்ளைகளிடம் "நீ படி, அது போதும்" என்கிறோம். வீட்டில் ஒரு வேலையும் கிடையாது, யாருக்கும் அவன் தேவையில்லை. அதுவும் ஒரு தனிமைதான்.

கடைசியாக ஒன்று. ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 201 பேர் வறுமை, குடி, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்கள். அவர்களிலும் 72 பேர் நன்றாக வளர்ந்து நல்ல மனிதர்களாக நின்றார்கள். அவர்களிடம் காணப்பட்ட முக்கியமான பொது அம்சங்களில் ஒன்று, கைவிடாத ஒரு பெரியவர். பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், பிடித்த ஓர் ஆசிரியர். அந்தக் கடைசிச் சொல்லை வாசித்தபோது எனக்கு உள்ளே சுருக்கென்றது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நம்ம தமிழ்நாட்டில்

நமது மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது 1986இல். அதே ஆண்டில் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சிநேகா' என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். தொண்டர்கள் உட்கார்ந்து, அழைப்பவர் சொல்வதைக் கேட்பார்கள். அங்கே அவர்கள் கேட்ட கதைகளில் தேர்வில் தோற்ற பிள்ளைகளின் கதைகள் நிறைய. அப்போது ஒரு பாடத்தில் தவறினாலும் ஓராண்டு போய்விடும். கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போவார்கள், இவன் மட்டும் வீட்டில். உடனே மறுதேர்வு வைத்தால் அந்த ஆண்டு வீணாகாதே என்று சிநேகா போன்றவர்கள் அரசிடம் வலியுறுத்தினார்கள். 2000க்குப் பிறகான முதல் சில ஆண்டுகளில் உடனடித் துணைத்தேர்வு வந்தது. மே மாதம் தோற்றவன் ஓரிரு மாதத்தில் எழுதி, அதே ஆண்டே கல்லூரியில் சேரலாம். பிள்ளைக்கு அறிவுரை சொல்வதோடு நிற்காமல், பிள்ளை மூழ்கும் இடத்தையே ஆழம் குறைத்த வேலை இது.

2017 மே மாதம் இன்னொன்று நடந்தது. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. நான் ஓய்வு பெற்ற ஆண்டு அது. கேக் ஊட்டும் படம் பத்திரிகையில் வராவிட்டால் பிள்ளைகளுக்கு ஊக்கம் போய்விடும் என்று அன்று வாதாடிய ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. அது தவறு என்று இப்போது எழுதி வைக்கிறேன். முதலிடம் வாங்கிய பிள்ளையின் படத்தை வீட்டில் காட்டிக் காட்டியே எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்போம்!

2004 டிசம்பர் 26 சுனாமி உங்களுக்கு நினைவிருக்கும். இலங்கையின் மறைவில் இருந்ததால் நாம் பெரும்பாலும் தப்பினோம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலிருந்து மனநலக் குழுவினர் வந்தார்கள். அத்தனை கிராமத்துக்கும் மருத்துவர்களை அனுப்ப முடியாது. அதனால் உள்ளூர் ஆட்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எப்படிக் கேட்பது, எப்படி அழ விடுவது, பிள்ளைகளை எப்படித் திரும்ப விளையாட வைப்பது, யாரை மருத்துவரிடம் அனுப்புவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். கயிறு பிடிக்கப் பெரிய பட்டம் தேவையில்லை, ஆனால் பழகிய கை தேவை என்பதை அது காட்டியது.

என் கை நழுவிய கதை

இப்போது என் கதை. இதில் வரும் மாணவன் இப்பதிவை வாசிப்பான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் வேண்டாம் டீச்சர்" என்றான்.

1996 வாக்கில் அவன் எட்டாம் வகுப்பு. கணக்கில் கெட்டி. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மா உப்பளத்துக்கு விடியுமுன்னே போய்விடுவார். துக்கம் கழிந்து பள்ளிக்கூடம் வந்தவன், கணக்குக்குக் கை தூக்குவதை நிறுத்தினான். வீட்டுப்பாடம் எழுதுவதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? வகுப்பு முன்னால் நிறுத்தி, "அப்பா இல்லாத புள்ள இப்படியா இருக்கிறது? அம்மாவ நெனச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன். இருபது ஆண்டு முன்னால் எங்கள் தெரு சொன்ன அதே வார்த்தை. என் வாயிலிருந்து.

பிறகு அவன் வருவதை நிறுத்தினான். படகு வேலைக்குப் போயிருப்பான் என்று நினைத்து வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் துறைமுகப் பக்கம் டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "டீச்சர், ஒங்க பள்ளிக்கூடச் சட்ட போட்ட பய ஒருத்தன் தெனமும் பாலத்துல வந்து ஒக்காந்திருக்கான். மொத நாளு வெளையாட வந்திருக்கான்னு நெனச்சேன். ரெண்டு நாளா அவன் பார்வ சரியில்ல. டீயும் பன்னும் குடுத்து என் கண்ணு முன்னாலயே ஒக்கார வச்சிருக்கேன். நீங்க வாங்க" என்றார்.

போனேன். அவன் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் அவன் பேசவில்லை. எனக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கடைசியில், "நான் இல்லன்னா யாருக்கும் தெரியாதுல்லா டீச்சர்" என்றான். நான் அழுதுவிட்டேன். அவன்தான் என்னைத் தேற்றினான்.

அதன் பிறகு செய்தவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். அவன் பெரியப்பாவைக் கூப்பிட்டுப் பேசினோம். அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப் போனோம், சில மாதம் மருந்து சாப்பிட்டான். ஐந்தாம் வகுப்பில் கணக்கு வராத நாலு பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். அண்ணாச்சி கடையில் அவனுக்குப் பள்ளிக்கூடம் முடியும்வரை கணக்கு நோட்டே கிடையாது. இன்றைக்கு அவன் துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டுகிறான். போன தீபாவளிக்குப் பிள்ளைகளோடு வந்திருந்தான்.

எனக்கு உளவியல் பாடத்தில் நல்ல மார்க். அண்ணாச்சிக்கு மூன்றாம் வகுப்பு. எப்பவும் சுண்டுகிற நேரத்துக்குக் கயிறு சுண்டவில்லை என்பது அவர் கைக்குத் தெரிந்தது, என் கைக்குத் தெரியவில்லை. 1975இல் ஒரு தெரு முழுக்க ஆள் இருந்து நடக்காதது, 1996இல் ஒருவரால் நடந்தது. இதை நான் முப்பது ஆண்டாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அண்ணன் வீட்டாரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இப்படிப்பட்ட முடிவுக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எல்லாம் சரியாகச் செய்த வீட்டிலும் இழப்பு நடந்திருக்கிறது. அவர்களைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்குக் கிடையாது.

இனி நாம் செய்ய வேண்டியது

பத்து முதல் 19 வயது வரை உள்ளவர்களில் உலக அளவில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் குறை இருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஐந்தாறு பேர். நான் பாடம் நடத்திய ஒவ்வொரு வகுப்பிலும் அந்த ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்திருப்பார்கள். உங்களில் சிலராகவும் இருக்கலாம். அப்போது பார்க்கத் தவறியிருந்தால் இந்த டீச்சரை மன்னித்துவிடுங்கள்.

போன் பண்ணிய என் பிள்ளைக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டியவை:

"எங்க காலத்துல" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் பிள்ளைகள் காதை மூடிக்கொள்கிறார்கள்.

மார்க்கைத் தவிர வேறு ஏதாவது ஒன்றைப் பற்றித் தினமும் பேசுங்கள். ஒரு வேளைச் சாப்பாடாவது சேர்ந்து சாப்பிடுங்கள். அவன் பேசாவிட்டாலும் பரவாயில்லை. அவனுடைய வழக்கம் உங்கள் கைக்குப் பழகினால்தான் மாற்றம் தெரியும்.

வீட்டில் அவனை நம்பி ஒரு வேலை கொடுங்கள். ஆச்சிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதாக இருந்தாலும் சரி.

பெற்றோரிடம் சொல்ல முடியாததைச் சொல்ல இன்னொரு பெரியவர் வேண்டும். அது யார் என்று அவனே சொல்லட்டும்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் மாறினால், பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டால், நான் இருந்து என்ன என்ற பேச்சு வந்தால், ஆசையாக வைத்திருந்த பொருளை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தால், காத்திருக்க வேண்டாம். "செத்துப் போகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் தனியாக விடாதீர்கள். மருத்துவரிடம் போங்கள். நம்ம அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. 104 என்ற எண்ணிலும், 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். பிள்ளைகளுக்கு 1098. மூன்றையும் இப்போதே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பாசம் மருந்துக்குப் பதில் ஆகாது, மருந்து பாசத்துக்குப் பதில் ஆகாது. இரண்டும் வேண்டும்.

இப்போது முத்துக் குளிப்பு இல்லை. சங்கு குளிக்கத் தெரஸ்புரத்திலிருந்து போகிறவர்கள் கம்ப்ரசர் காற்றுக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். கல் போய்விட்டது, கயிறு குழாயாகிவிட்டது. ஆனால் மேலே அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு ஓர் ஆள் இன்றைக்கும் இருக்கத்தான் செய்கிறார்.

மறுநாள் அந்தப் பிள்ளைக்கு நானே போன் பண்ணினேன். "இருந்துச்சும்மா, நம்ம காலத்துலயும் இருந்துச்சு" என்று சொன்னேன். பிறகு, "அவன் யார்கிட்ட மனசுவிட்டுப் பேசுவான்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "என் தம்பிகிட்ட டீச்சர். ஆனா அவன் கப்பல்ல இருக்கான்" என்றாள். அந்தத் தம்பியும் என் மாணவன்தான், கடைசிப் பெஞ்சு. இப்போது கப்பலிலிருந்து தினமும் இரவு மருமகனோடு பத்து நிமிடம் பேசுகிறானாம். என்ன பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதாம். தெரிய வேண்டாம் என்று சொன்னேன். அடுத்த செவ்வாய்க்கிழமை மருத்துவரிடமும் போகிறார்கள்.

உங்களிடம் ஒரே ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில், தெருவில், சொந்தத்தில் இருக்கும் பதின்வயதுப் பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அந்தப் பிள்ளையின் கயிறு யார் கையில் என்று எழுதுங்கள். எந்தப் பெயருக்கு எதிரில் காலியாக இருக்கிறதோ, அங்கே உங்கள் பெயரை எழுதிவிட்டு இன்றைக்கே போன் பண்ணுங்கள்.

எல்லாரும் நல்லா இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்